கணிப்பொறித் திரை இருண்டால்: ஊராட்சி அலுவலகங்களுக்கு ஒரு பாடம்

கிணற்றுப் பம்பு ஒரு நாள் காலையில் நீர் இறைக்க மறுத்தால், அதனை உடனே கழற்றிப் பழைய இரும்புக்கு விலை பேசும் விவசாயி எவரும் இலர். மின்சாரம் வருகிறதா, பியூஸ் உருகியிருக்கிறதா, ஃபுட்வால்வு கசிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவற்றில் குற்றமில்லை என்று கண்ட பின்னரே மெக்கானிக்கை அழைப்பார். இந்த நிதானமும் வரிசையும் நம் விவசாயப் பெருமக்களுக்குப் பழக்கத்தால் வந்த அறிவு. ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் உள்ள பழைய கணிப்பொறியின் திரை இருண்டுவிட்டால் மட்டும், "பொறி கெட்டுவிட்டது, கணக்கெல்லாம் போயிற்று" என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. பெட்டியைத் துணியால் மூடிவிடுகிறார்கள். புதியது வரும் வரை வேலை நின்றுவிடுகிறது.

இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. திரை வேறு, கணிப்பொறி வேறு, கணக்கு வேறு. திரை இருண்டதனால் கணக்கு அழிந்துவிடுவதில்லை. பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வரிசையாகச் சோதித்து அறிவது, பெட்டியைத் திறக்காமலே பெரும்பாலும் இயலக் கூடியது. போடிநாயக்கனூர் வட்டாரத்தில், அதிலும் ஏலமலைச் சரிவில் உள்ள சிற்றூர்களில், இவ்வறிவு மிகவும் தேவை. பழுது பார்ப்பவரை மலைமேல் அழைத்து வருவதும், பொறியைக் கீழே கொண்டு செல்வதும் ஒரு நாள் வேலையையும் வண்டிச் செலவையும் விழுங்குவன அல்லவா?

திரையை நம்பி நிற்கும் பணிகள்

ஊராட்சியின் வரவு செலவுகள் இன்று பெரும்பாலும் கணிப்பொறி வாயிலாகவே நடைபெறுகின்றன. திட்டமும் கணக்கும் ஒரே இடத்தில் பதியப்படுவதற்கென இ-கிராம் சுவராஜ் என்னும் இணையதளம் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று தொடங்கப்பெற்றது. நம் மாநிலத்தில் வீட்டு வரி முதலியவற்றை இணையவழியே செலுத்தும் முறை 2023இல் கிராம ஊராட்சிகளுக்கும் வந்தது.

ஏலக்காய் விவசாயிகளுக்கும் திரை அயலான பொருளன்று. வணிகர்கள் வாய்விட்டு விலை கேட்ட ஏலமுறை மாறி, நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. போடிநாயக்கனூரிலும் கேரளத்தின் புத்தடியிலும் உள்ள ஏல மையங்களில் வணிகர்கள் திரையைப் பார்த்தே விலை கேட்கின்றனர். ஆண்டு முழுதும் உழைத்து உலர்த்திய காயின் விலை ஒரு திரையில்தான் தோன்றுகிறது என்றால், அத்திரையைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது நமக்கு நலமே.

முதற்கண் கணக்கைக் காத்தல்

வேலை நடந்துகொண்டிருக்கும்போது திரை இருண்டால், பதற்றத்தில் மின்சார ஸ்விட்சை அணைப்பது பெருந்தவறு. திரை இருண்டாலும் சி.பி.யு. பெட்டி உள்ளே இயங்கிக்கொண்டிருக்கலாம். அதன் விசிறி சுழலும் ஓசை கேட்கிறதா என்று முதலில் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' என்ற விசையை அழுத்தினால் அதற்குரிய சிறு விளக்கு எரிந்து அணைகிறதா என்றும் பார்க்க வேண்டும். அவ்வாறு எரிந்து அணையுமாயின் பெட்டி உயிருடன் இருக்கிறது; பழுது பெரும்பாலும் திரையிலோ கேபிளிலோதான்.

கணக்குகள் தங்கியிருப்பது பெட்டியினுள் உள்ள ஹார்டு டிஸ்க்கில். திரைக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு இல்லை. பெட்டியை மூட வேண்டியிருப்பின், அதன் முகப்பிலுள்ள பொத்தானை ஒரு முறை மட்டும் அழுத்தி விட்டுவிடுதல் வேண்டும். பெரும்பாலான கணிப்பொறிகள் அந்த ஓர் அழுத்தத்தில் முறைப்படி தாமே மூடிக்கொள்ளும். பொத்தானைத் தொடர்ந்து அழுத்திப் பிடிப்பதோ, பிளக்கைப் பிடுங்குவதோ, எழுதிக்கொண்டிருந்த கணக்கைப் பாதியில் அறுப்பதாகும்.

படம் வரும் வழி

குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலையை மலையுச்சியிலிருந்து ரோப்வே என்னும் கம்பிவடத்தின் வழியே கொட்டகுடி அடிவாரத்துக்கு இறக்கிய காலத்தின் நினைவாக நிற்கும் பெயர்கள் அவை. அத்தகைய பாதையில் கீழே சரக்கு வந்து சேரவில்லையெனில், கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. மேலே சரக்கு ஏற்றப்பட்டதா? நடு நிலையத்தைக் கடந்ததா? கீழே இறக்கும் இடத்தில் தடையா?

கணிப்பொறியில் படம் வரும் வழியும் அத்தகையதே. பெட்டியினுள் படம் உருவாகிறது. அது மேல் நிலையம். கேபிள் வழியாக அது செல்கிறது, அது கம்பிவடம். மானிட்டர் அதனைப் பெற்று, பின்னிருந்து ஒளியூட்டிக் காட்டுகிறது. அது கீழ் நிலையம். இம்மூன்றில் எங்கே தடை என்று காண்பதே பழுதறிதலின் முழுப் பொருளும் ஆகும்.

முதற் சோதனை: மானிட்டரில் விளக்கு எரிகிறதா?

மானிட்டரின் முகப்பில் ஒரு சிறு விளக்கு உண்டு. அது சிறிதும் எரியவில்லையெனில் மின்சாரம் மானிட்டருக்கு வந்து சேரவில்லை. சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் ஒரு மேசை விளக்கையோ கைப்பேசிச் சார்ஜரையோ செருகிப் பார்த்தால், அங்கு மின்சாரம் உண்டா என்பது தெரிந்துவிடும். அடுத்து, மானிட்டரின் மின்கம்பியும் பெட்டியின் மின்கம்பியும் பல அலுவலகங்களில் ஒரே வகையாக இருப்பதால், மின்சாரத்தை நிறுத்திய பின்னர் ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிச் செருகிப் பார்க்கலாம். தளர்ந்த கம்பியும் எலி கடித்த கம்பியும் இவ்வகையில் எளிதில் வெளிப்படும்.

விளக்கு நீலமாகவோ பச்சையாகவோ எரியாமல் மஞ்சட் சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னிக்கொண்டிருந்தால், பெரும்பாலான மானிட்டர்களில் அதன் பொருள், "எனக்கு மின்சாரம் உண்டு, ஆனால் படம் வரவில்லை" என்பதாகும்.

இரண்டாம் சோதனை: கேபிளைக் கழற்றிப் பார்த்தல்

மானிட்டரை அணைத்து, பெட்டியிலிருந்து வரும் படக் கேபிளைக் கழற்றிவிட்டு, மானிட்டரை மட்டும் மீண்டும் போட வேண்டும். நல்ல நிலையிலுள்ள மானிட்டர் சில விநாடிகளுக்கேனும் "நோ சிக்னல்" அல்லது "செக் கேபிள்" என்ற சொற்களைத் திரையில் காட்டும். அச்சொற்கள் தெளிவாகத் தோன்றுமாயின் மானிட்டர் உயிருடன் இருக்கிறது. குறை கேபிளிலோ பெட்டியிலோதான். ஒரு காசும் செலவின்றி, இரண்டு நிமிடத்தில் பாதிச் சந்தேகம் இதனால் தீர்ந்துவிடுகிறது.

பழைய பொறிகளில் காணப்படுவது பெரும்பாலும் நீலத் தலையுடைய வி.ஜி.ஏ. கேபிள். 1987இல் வந்த இம்முறையில் மூன்று வரிசையாக 15 துளைகள் இருக்கும். கேபிளின் தலையில் உள்ள ஊசிகளில் ஏதேனும் வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சில கேபிள்களில் ஓர் ஊசி செய்யும்போதே விடப்பட்டிருக்கும். அதனைக் குறையென்று கருதலாகாது. கேபிளை இரு முனையிலும் நன்கு செருகி, இரு புறத்துத் திருகுகளையும் கையால் இறுக்குதல் அவசியம்.

பெட்டியின் பின்புறம் படம் வெளிவரும் துளை இரண்டு இடங்களில் இருக்கலாம். தாய்ப் பலகையோடு சேர்ந்தது ஒன்று. தனியே செருகிய கிராபிக்ஸ் கார்டில் உள்ளது மற்றொன்று. தனிக் கார்டு இருக்கும் பொறியில் கேபிளை மற்றத் துளையில் செருகிவிட்டால் படம் வராமற் போகலாம். அலுவலகத்தைப் பெருக்கி மெழுகிய பின்னர்த் திரை வரவில்லை என்று கேட்கும்போது, முதலில் ஐயுற வேண்டியது இதுவே.

கிராம சபையில் புரொஜெக்டர் இணைத்த பின்னர் மானிட்டரில் படம் வராதிருப்பதும் உண்டு. படம் புரொஜெக்டருக்கு மட்டும் செல்லுமாறு அமைந்துவிட்டதே அதன் காரணம். விண்டோஸ் குறியுள்ள விசையை அழுத்திக்கொண்டு 'பி' விசையை அழுத்தினால் இவ்வமைப்பை மாற்றலாம்.

மூன்றாம் சோதனை: மாற்று மானிட்டர்

அருகிலுள்ள பள்ளியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு மானிட்டரைச் சிறிது நேரம் இரவல் பெற்று, நம் பெட்டியோடு இணைத்துப் பார்த்தல் முடிவான சோதனையாகும். படம் வந்தால் நம் மானிட்டர் பழுது; வராவிடில் பழுது பெட்டியில். மேலும், படம் வந்த அந்த நேரத்திலேயே முக்கியமான கணக்குகளைப் பென் டிரைவ் ஒன்றில் படியெடுத்து வைத்துவிட வேண்டும். திரை கெட்ட நாளே கணக்கைப் படியெடுக்க ஏற்ற நாள் என்று கொள்வது நன்று.

திரை காட்டும் குறிகள்

முற்றிலும் இருளாமல் திரை வேறு குறிகளைக் காட்டுவதும் உண்டு. வைத்தியர் நாடி பார்ப்பது போல அக்குறிகளை நாம் படிக்கலாம்.

திரை கருமையாக இருந்தும், டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் எழுத்துகள் மங்கலாகத் தெரியுமாயின், படம் வந்துவிட்டது. பின்னிருந்து ஒளியூட்டும் விளக்கே கெட்டுள்ளது. பழைய தட்டை மானிட்டர்களில் இவ்விளக்கு மெல்லிய குழல் வடிவில் இருக்கும். பின்னர் வந்தவற்றில் எல்.இ.டி. விளக்குகள் உள்ளன. போட்டவுடன் இரண்டு விநாடி படம் தோன்றி மறைவதும் இவ்விளக்கோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியோ தளர்ந்ததன் குறியே.

படம் தோன்றியும் நிறம் பிழைபட்டால், வி.ஜி.ஏ. கேபிளை ஐயுற வேண்டும். அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கம்பிகளில் வருகின்றன. நீலக் கம்பி அறுந்தால் வெள்ளைத் திரை மஞ்சளாகும். சிவப்பு அறுந்தால் நீலப்பச்சையாகும். பச்சை அறுந்தால் கருஞ்சிவப்பு ஊதாவாகும். கேபிளை மாற்றினால் பெரும்பாலும் தீரும் குறை இது.

திரையில் நெடுங்கோடுகள் விழுந்தால், மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் சொந்தப் பட்டியலை வரவழைக்க வேண்டும். ஒளி, நிறம் முதலியவற்றை மாற்றும் பட்டியல் அது. அப்பட்டியலின் மீதும் கோடுகள் விழுந்தால் குறை மானிட்டரில். பட்டியல் தெளிவாகவும் மற்றப் பகுதி கோடாகவும் இருந்தால் குறை பெட்டியிலோ கேபிளிலோ. பட்டியலை மானிட்டரே எழுதிக்கொள்கிறது என்பதே இச்சோதனையின் அடிப்படை.

பெட்டியினுள் காணத்தகுவன

மானிட்டரும் கேபிளும் நல்லவை என்று தேறிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். இதனைப் பயிற்சி பெற்ற ஊராட்சிச் செயலரோ ஊரிலுள்ள தொழிற்பயிற்சி பெற்ற இளைஞரோ செய்தல் நலம். மின்கம்பியைச் சுவரிலிருந்து முற்றிலும் கழற்றிய பின், பெட்டியின் வெறும் உலோகச் சட்டத்தை ஒரு முறை தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்ள வேண்டும்.

பழைய பொறிகளில் அடிக்கடி காணும் குறை மெமரிப் பலகையின் தளர்ச்சி. போட்டவுடன் 'பீப்' ஒலி திரும்பத் திரும்பக் கேட்டுப் படம் வராவிடில் இதனையே முதலில் ஐயுறலாம். மலைப்பனியின் ஈரமும் தூசியும் அதன் பொன்னிற முனைகளில் படிந்து தொடர்பைக் கெடுக்கின்றன. பலகையை எடுத்து, முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, 'கிளிக்' என்ற ஓசை வரும்வரை மீண்டும் செருகினால் பல நேரங்களில் படம் வந்துவிடும்.

தாய்ப் பலகையில் காசு வடிவில் உள்ள 3 வோல்ட் பாட்டரி, பெட்டி அணைந்திருக்கும்போதும் நாள், நேரத்தைக் காப்பது. அது தளர்ந்தால் கணிப்பொறி பழைய ஆண்டைக் காட்டும். தேதி பிழையானதால் அரசு இணையதளங்கள் பல திறக்க மறுக்கும். சி.ஆர். 2032 என்று கேட்டால் கடைகளில் கிடைக்கும். பலகையின் மேல் சிறு பீப்பாய் போல நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால், அது பழுது பார்ப்பவருக்கு உரிய வேலை. 1999 முதல் 2007 வரையிலான காலத்தில் உலகெங்கும் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் பல பொறிகளைக் கெடுத்தன. அக்காலப் பொறிகளில் இதனைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

மலைச்சரிவில் உள்ள ஓர் ஊராட்சி என்று கொள்வோம். நாள் அக்டோபர் 1. மறுநாள் காந்தியடிகள் பிறந்தநாள் கிராம சபையில் வரவு செலவு அறிக்கையை மக்கள் முன் வைக்க வேண்டும். மாலையில் அச்செடுக்க உட்காரும்போது திரை இருண்டுவிடுகிறது. செயலர் விசிறியின் ஓசையைக் கேட்கிறார், பெட்டி இயங்குகிறது. விளக்கு நீலமாக எரிகிறது. எனவே மின்சாரமும் படமும் மானிட்டருக்கு வருகின்றன. டார்ச் அடித்துப் பார்க்கிறார். எழுத்துகள் நிழல்போலத் தெரிகின்றன. ஆகவே கெட்டது ஒளிவிளக்கு மட்டுமே. பள்ளி மானிட்டரை இரவல் பெற்று இணைக்கிறார், அறிக்கை அச்சாகிறது, படியும் எடுத்து வைக்கப்படுகிறது. மறுநாள் கேள்வி கேட்க வந்த மக்களுக்குத் தாளில் விடை இருக்கிறது. இச்சோதனைகளை அறியாத இடத்திலோ, "கணிப்பொறி பழுது" என்ற ஒரே காரணத்தால் கணக்கு வைக்கப்படாமற் போகும். மக்களின் ஐயம் வளரும். திரையின் பழுது நம்பிக்கையின் பழுதாக மாறுவது இவ்வாறுதான்.

செய்யத்தகாதன

மானிட்டரை நாம் திறக்கலாகாது. பெருத்த முதுகுடைய பழைய குழல் மானிட்டரினுள், பிளக்கைக் கழற்றிய பின்னும் உயிருக்கு ஆபத்தான உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக் கூடும். தட்டை மானிட்டரின் உள்ளும் பெட்டியின் பவர் சப்ளையின் உள்ளும் அத்தகைய ஆபத்து உண்டு. ஈரக் கையோடு தொடுதல், திரையைத் தட்டுதல், நீர் தெளித்துத் துடைத்தல், ஈரத்தைப் போக்க வெயிலிலோ ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சூட்டிலோ வைத்தல் ஆகிய யாவும் விலக்கத்தக்கவை. இடி மின்னல் காலத்தில் ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே கழற்ற வேண்டும்.

மலைப்பகுதியில் பேணும் முறை

உலர்த்திய ஏலக்காயை ஈரக்காற்றில் திறந்து வைத்தால் அதன் பசுமை கெடும் என்பதை நம் விவசாயிகள் நன்கு அறிவர். கணிப்பொறிக்கும் அதே பகை உண்டு. தென்மேற்குப் பருவ மழையிலும் வடகிழக்குப் பருவ மழையிலும் அதனைப் பல வாரம் மூடியே வைக்காமல், நாள்தோறும் சிறிது நேரம் இயக்கினால் அதன் சொந்தச் சூட்டிலேயே ஈரம் விலகும். இயங்கும்போது பிளாஸ்டிக் உறையை முற்றிலும் நீக்க வேண்டும். அணைத்துச் சூடு தணிந்த பின்னரே மூட வேண்டும். சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் காற்று ஓடும். கசிவு நீரும் தாக்காது. எர்த் இணைப்புச் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்தலும், யு.பி.எஸ். பாட்டரியைக் கவனித்தலும், ஒரு மாற்றுக் கேபிளை அலமாரியில் வைத்திருத்தலும் சிறு செலவில் பெரும் பயன் தருவன.

ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு பழுதுக் குறிப்பேடு இருத்தல் வேண்டும். நாள், கண்ட குறி, செய்த சோதனை, அதன் முடிவு ஆகிய நான்கையும் அதில் எழுதி, பழுது பார்ப்பவரிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினால், அவர் தேவையான உதிரிப் பொருளோடு ஒரே முறையில் மலையேறி வருவார்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

மானிட்டர் கெட்டால் மானிட்டரை மட்டும் மாற்றலாம். பெட்டியையும் சேர்த்துக் கழிக்க வேண்டுவதில்லை. புதிய மானிட்டர் நாளை வரும் புதிய பெட்டிக்கும் பயன்படும். ஆனால் பழைய பெட்டியில் மிகுந்த பணம் செலவிடுமுன் சிறிது ஆராய வேண்டும். விண்டோஸ் 10க்கு உரிய பொதுவான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டது. மிகப் பழைய பெட்டிகள் பல அதற்கு அடுத்த விண்டோஸை ஏற்கும் தகுதி அற்றவை.

கழிக்கும் பொருளையும் கண்டவாறு எறியலாகாது. பழைய குழல் மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் உண்டு. பழைய தட்டை மானிட்டரின் குழல் விளக்கில் பாதரசம் உண்டு. ஓடையிலோ ஏலத் தோட்டத்துச் சரிவிலோ எறிந்தால் நம் மண்ணும் நீருமே கெடும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும். பதிவேட்டில் உள்ள பொருளாதலின், உரிய ஆணை பெற்ற பின்னரே அவ்வாறு அனுப்ப வேண்டும்.

உறுப்பினர்களே, விவசாயப் பெருமக்களே! ஊராட்சியின் கணிப்பொறி உங்கள் வரிப்பணத்தில் வந்த பொதுச் சொத்து. அதன் திரை இருண்டது என்று கேட்டால், "விளக்கு எரிகிறதா? கேபிளைக் கழற்றிப் பார்த்தீர்களா? வேறு மானிட்டரில் படம் வந்ததா? கணக்கைப் படியெடுத்தாயிற்றா?" என்று நீங்களே கேளுங்கள். பம்புசெட்டுக்கு முன்னே நிற்கும்போது உங்களுக்கு உள்ள அதே நிதானம் இங்கும் போதும். இந்நான்கு கேள்விகளையும் எழுதி, கணிப்பொறியின் பக்கத்துச் சுவரில் இன்றே ஒட்டி வைப்பது நம் ஊராட்சிகள் செய்யத்தக்க முதற்பணி.